பதினொரு சாண் நிழல்

"எனக்க நெழல எங்கட்டி வச்ச? எடுத்துத் தா."

"ஒங்க நெழல நான் என்ன, உருளியில போட்டா பொரிச்சேன்? போற எடத்துல எல்லாம் விட்டுட்டு வந்தா ஆரு பொறக்கி வைப்பா?"

"போற எடத்துல எல்லாம் உண்டு. ஜங்ஷன்ல உண்டு, ரயில்வே ஸ்டேஷன்ல உண்டு. எனக்க சொந்த முற்றத்துல மட்டும் இல்ல. அதாக்கும் கேக்குதேன்."

"செரி, உரக்கக் கேளுங்க. மதிலுக்கு அந்தாண்ட நிக்கியவுங்களுக்கும் கேக்கட்டும்."

1995 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலுள்ள பனையறவிளையில் ராஜையாவுக்கும் அவர் மனைவிக்கும் இந்தச் சண்டை நடந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் எங்களில் ஒட்டுக்கேட்டு நின்றவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் அந்த நேரத்தில் அங்கே ஒரு வேலை இருந்தது. பக்கத்து வீட்டு ராபின்சன் தன் மிளகுக்கொடியை மரத்தோடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அதே கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ராஜையாவுக்குச் சொந்த முற்றத்தில் நிழல் கிடையாது என்பது உண்மைதான். படிவாசலைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தால் மற்றவர்களுக்குப் போலவே கறுப்பாக, மீசையின் முறுக்கு வரை தெரியும்படி விழும். திரும்பி உள்ளே வந்தால் துடைத்தெடுத்தது போலப் போய்விடும். வெயிலில் கண்ணாடி டம்ளர் நின்றால்கூட ஏதோ ஒரு நிழல் இருக்கும். அவர் நின்ற இடத்தில் மணல் மட்டும் இருந்தது.

இது ராஜையாவின் குற்றம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. அவருடைய மனைவி சுகிர்தபாய் வாரத்தில் ஆறு நாள் முற்றத்து அடுப்பில் ஏத்தங்காய் என்கிற நேந்திரங்காய் சிப்ஸும் அச்சப்பமும் பொரித்து டின்னில் அடைப்பாள். ஏழாவது நாள் ஞாயிறு. கிறிஸ்தவச் சபைக்காரர்கள் வீட்டில் அன்றைக்கு வியாபாரத்துக்கு அடுப்பு எரியாது. ராஜையா காலை எட்டு மணிக்கு டின்களைச் சைக்கிளில் கட்டி, பாறசாலையிலும் அமரவிளையிலும் பேக்கரிகளில் இறக்குவார். ஒன்பதரைக்கு அந்த வேலை முடிந்துவிடும். பிறகு சாயங்காலம் வரை ஜங்ஷன் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாகர்கோவில் வண்டி ஏன் தாமதமாகிறது என்பதற்குக் காரணம் சொல்லுவார். காரணங்கள் நல்லவையாகவே இருந்தன. ரயில்வேக்காரர்கள் யாரும் வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இவர்களுடைய ஒரே மகள் ரெஜிலா, பி.எஸ்ஸி. கணிதம் கடைசி வருடம். 1994 ஜூன் மாதம் கல்லூரியில் லீனியர் புரோகிராமிங் என்று ஒரு பாடம் தொடங்கியது. இருக்கிற சரக்கையும் இருக்கிற நேரத்தையும் வைத்து, எதை எவ்வளவு செய்தால் ஆதாயம் உச்சத்துக்குப் போகும் என்று கோடு போட்டுக் கண்டுபிடிக்கிற பாடம். புத்தகத்தில் நாற்காலியும் மேசையும் செய்கிற ஒரு தச்சனை உதாரணம் காட்டியிருந்தார்கள். அவளுக்கு அந்தத் தச்சனைவிட அம்மாவின் உருளிதான் கண்ணில் வந்தது. எண்ணெய் ஆலை வைத்திருந்த கிருஷ்ணன்குட்டி வாரத்துக்கு இருபத்துநான்கு லிட்டர் தேங்காய் எண்ணெய்தான் தருவார். அடுப்பில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வாரத்துக்கு முப்பத்தாறு மணி நேரம். ஒரு டின் சிப்ஸ் இரண்டு லிட்டர் எண்ணெயைக் குடிக்கும், ஒன்றரை மணி நேரத்தில் முடியும், முப்பது ரூபாய் தரும். ஒரு டின் அச்சப்பம் ஒரு லிட்டரோடு அடங்கும், ஆனால் அச்சை ஒவ்வொன்றாக முக்கி எடுக்க மூன்று மணி நேரம் பிடிக்கும், நாற்பது ரூபாய் தரும். அதுவரை அந்த வீட்டில் வாரம் பதினொரு டின் சிப்ஸ், இரண்டு டின் அச்சப்பம். ஏன் அப்படி என்றால், பேக்கரிக்காரர்கள் ராஜையாவிடம் சிப்ஸைப் புகழ்ந்திருந்தார்கள். புகழ்ச்சியில் எண்ணெய் வியாழக்கிழமையோடு தீர்ந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ரெஜிலா முற்றத்தைப் பெருக்கி, சுண்ணாம்புப் பொடியால் அந்தப் பாடத்தைத் தரையில் வரைந்தாள். கிணற்றடி தொடக்கம். கிணற்றிலிருந்து அடுக்களைச் சுவரோரமாக ஒரு அடிக்கு ஒரு டின் சிப்ஸ். கிணற்றிலிருந்து படிவாசலை நோக்கி ஒரு அடிக்கு ஒரு டின் அச்சப்பம். குறுக்கே இரண்டு கோடுகள்: ஒன்று எண்ணெய்க்கு, ஒன்று அடுப்பு நேரத்துக்கு. கோடுகளுக்கு உள்ளே உள்ளதெல்லாம் நம்மால் முடியும், வெளியே உள்ளது முடியாது என்று அம்மாவுக்குச் சொன்னாள். சுகிர்தபாய் மாவு பிசைந்த கையோடு நின்று பார்த்தாள். அப்போது கிணற்றடியிலிருந்து, கதவிடுக்கில் நுழையும் வெயில் போல, ஒரு ஒளிக்கோடு எழுந்தது. கோழி நடக்கிற வேகத்தில், வளையாமல், சாய்ந்த வாக்கில் முற்றத்தைக் கடந்து வந்தது. துவைகல்லைத் தாண்டியது, உரலைத் தாண்டியது, சுண்ணாம்புக் கோடுகள் இரண்டும் வெட்டிக்கொண்ட மூலையைத் தொட்டு நின்றது. அதற்கு மேல் போகவில்லை. நின்ற இடத்தில் வாத்தியக்கம்பி போல அதிர்ந்துகொண்டிருந்தது. கோழிகள் கொத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. சிப்ஸ் பக்கம் எட்டடி, அச்சப்பம் பக்கம் எட்டடி. சுகிர்தபாய் போய் ஒரு கருங்கல்லை எடுத்துவந்து அந்த மூலையில் நட்டாள். அந்த வாரம் முதல் கல் சொன்ன கணக்கில் பொரிக்கத் தொடங்கினாள். ஆதாயம் நானூற்றுப் பத்திலிருந்து ஐந்நூறுக்கு மேலே ஏறியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஏழு மணிக்கு ஒளிக்கோடு கிணற்றடியிலிருந்து புறப்பட்டுக் கல்லுக்கு வந்து சேரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மணியாயிற்று என்று ஓடுவார்கள்.

நிழல்கள் மாறியது மூன்றாவது வாரம். அந்த முற்றத்தில் நிழல்கள் சூரியனைக் கேட்பதை விட்டுவிட்டன. எல்லாமே படிவாசலை நோக்கி நீண்டு கிடந்தன, உச்சிவெயிலிலும் அப்படியே. எண்ணெய் டின்னின் நிழல் ஆறரைச் சாணுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அடுப்பின் முன் உட்கார்ந்த சுகிர்தபாயின் நிழல் பதினொரு சாண். அரிசிமாவு மூட்டைக்கு நிழலே இல்லை. ஏத்தன்குலைகளுக்கு இல்லை. சிரட்டைக் குவியலுக்கு இல்லை. ரெஜிலாவுக்கு, வாரத்தில் ஒரு மணி நேரம் கணக்குப் பார்த்ததற்காக, ஒரு விரற்கடை. அதைப் பார்த்து அவளே சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும், எதற்கும் நிழல் கிடையாது. முற்றம் கழுவி வைத்த தட்டு போல இருக்கும். திங்கள் காலையில் எல்லாம் திரும்ப வரும். ராஜையாவுக்கு மட்டும் திங்கட்கிழமையும் வரவில்லை.

அவர் இதைக் கவனிக்க ஏழு மாதம் ஆயிற்று. பகலில் வீட்டில் இருந்தால்தானே. தை பிறந்த பிறகு ஒரு நாள் காய்ச்சலோடு முற்றத்தில் வெயில் காய உட்கார்ந்தபோதுதான் பார்த்தார். அதைவிடப் பெரிய காய்ச்சல் ஒன்று உடனே வந்தது. காஞ்சிரங்குளத்திலிருந்து ஜினு என்கிற பையனுக்கு ரெஜிலாவைக் கேட்டிருந்தார்கள். பிப்ரவரியில் கடைசிச் சனிக்கிழமை பையன் வீட்டார் நிச்சயத்துக்கு வருவதாக இருந்தது. பந்தல் இதே முற்றத்தில். வந்தவர்கள் முன்னால் பெண்ணின் தகப்பன் நிழல் இல்லாமல் நின்று எப்படிக் கைகூப்புவது? செவ்வாய்க்கிழமைச் சண்டையின் சாரம் இதுதான். சண்டையின் முடிவில் ரெஜிலா நோட்டோடு வெளியே வந்தாள்.

"அப்பா, எது இன்னும் கொஞ்சம் கூடுதல் கிடைச்சா நம்ம ஆதாயம் கூடுமோ, அதுக்கு நெழல் உண்டு. எது மிச்சமாட்டு கிடக்கோ, அதுக்கு இல்ல. அவ்வளவுதான்."

"அப்பம் நான் மிச்சமாட்டு கிடக்கேனா?"

ரெஜிலா மாவு மூட்டையைப் பார்த்தாள். ராஜையாவும் மாவு மூட்டையைப் பார்த்தார்.

மிச்சமாகக் கிடக்கக்கூடாது என்றால் இல்லாமல் போனால் போதும் என்பது அவருக்குத் தோன்றிய முதல் வழி. அருமை தெரியட்டும் என்று கோட்டுகாலில் தங்கை வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் இருந்தார். சைக்கிளைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோனார். அந்த ஒன்பது நாளும் பால்காரர் தன் வண்டியில் டின்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார், காசு வாங்கவில்லை, ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிக்கொண்டார். சாயாக்கடை பெஞ்சில் வேறொருவர் உட்கார்ந்து ரயிலுக்குக் காரணம் சொன்னார். பத்தாவது நாள் ராஜையா திரும்பி வந்து படிவாசலில் நின்று, முதலில் ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துப் பார்த்தார். வைத்த காலுக்கு நிழல் போயிற்று. மற்ற காலை வைப்பதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்தை ராபின்சன் பல மாதங்கள் நடித்துக் காட்டினார்.

இரண்டாவது வழி எண்ணெய். நிழல் உள்ள பொருளைக் கொண்டுவந்தவனுக்கு அந்த நிழலில் ஒரு பங்கு இராதா என்று அவர் யோசித்தார். தென்னையில் வரப்போகிற இரண்டு வெட்டின் மகசூலையும் கிருஷ்ணன்குட்டிக்குப் பேசிக் கொடுத்து, ஒரு முழு பேரல் எண்ணெயை உருட்டிக்கொண்டு வந்தார். உருட்டி வந்த அன்றே முற்றம் மாறியது. எண்ணெய்க் கோடு தானாகவே நகர்ந்து, மதிலுக்கு அப்பால் போய்விட்டது. எண்ணெய் இனி மிச்சம். பேரலுக்கு நிழல் இல்லை, பழைய டின்னுக்கும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை ஒளிக்கோடு கருங்கல்லைத் தாண்டிப் போய் அடுக்களைச் சுவரோரம் நின்றது. முழுக்க முழுக்கச் சிப்ஸ் பொரி என்று அதற்கு அர்த்தம். ராஜையாவுக்கு நிழல் வரவில்லை. சுகிர்தபாயின் நிழல் பதினொரு சாணிலிருந்து இருபது சாணாயிற்று.

அந்த நிழலை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். குனிந்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் நிழல் முற்றம் முழுவதையும் கடந்து, படிவாசலில் இறங்கி, ரோட்டின் பாதி வரை கிடந்தது. அவள் சீவுகட்டையில் காயைச் சீவும்போது நிழலின் கை ரோட்டில் அசைந்தது. மீன்காரி அதை மிதிக்காமல் சுற்றிப் போனாள். பஸ் டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு மெதுவாக ஒதுங்கிப் போனார். சாயாக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்த ராஜையா அந்த நிழலின் தலைமாட்டில் சைக்கிளை விட்டு இறங்கினார். இருபது வருடத்துக்கு மேல் கூடவே இருந்த மனுஷியை முழுநீளத்தில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றுகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகவே உள்ளே போனார்.

நிச்சயத்துக்கு எட்டு நாள் இருந்தபோது வந்தது அந்த வெள்ளிக்கிழமை. கல்லூரியில் சமரம் என்று வகுப்பு இல்லை, ரெஜிலா வீட்டில் இருந்தாள். அவளுக்கு ஜூன் மாதத்திலிருந்தே ஒரு குழப்பம் உண்டு. கல் எட்டு என்று சொன்னாலும் எட்டாவது டின் அச்சப்பம் ஒரு வாரமும் நிறைந்ததில்லை. அடுப்பு நேரத்தின் கோடு வெள்ளிக்கிழமை நடுப்பகலில் தானாக உள்ளே நகர்ந்துவிடும். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து பார்ப்பவள், கோழி சிக்கியிருக்கும், சுண்ணாம்பு சரியில்லை என்று திரும்ப வரைவாள். அன்றைக்கு பதினொரு மணிக்கு அம்மா அடுப்பிலிருந்து எழுந்து, கை கழுவி, வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்துவதையும், அதே நிமிடம் கோடு மணலில் சரசரவென்று பின்வாங்குவதையும் கண்ணால் பார்த்தாள்.

"அம்மா, எங்க போறிய?"

"உபவாச ஜெபத்துக்கு. வெள்ளிக்கிழமையில்லியா. ரெண்டு மணிக்கு வந்திருவேன்."

"எல்லா வெள்ளியும் போறியளா? அந்த மூணு மணிக்கூறு நீங்க கணக்கில சொல்லவே இல்லியே. ஆறு நாளும் ஆறு மணிக்கூறுன்னாக்கும் சொன்னிய."

சுகிர்தபாய்க்குக் கேள்வியே விளங்கவில்லை. "அது எனக்க நேரம் இல்லியே மக்கா. கர்த்தருக்க நேரத்த நான் எதுக்குக் கணக்கு சொல்லணும்?" என்று வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு ரெஜிலாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமையின் மூன்று மணி நேரத்தைச் சேர்க்கக் கூடாது என்று சொல்வதற்கு அம்மாவுக்குத் தோன்றவில்லை. சபைக்காரர் வீட்டில் மட்டும் வரக்கூடிய பிழை இது. புத்தகத்துத் தச்சனுக்கு வந்திருக்காது. முன்பெல்லாம் வியாழனோடு எண்ணெய் தீர்ந்துவிட்டதால் யாருக்கும் தெரியாமலே போயிற்று. ரெஜிலா நோட்டில் முப்பத்தாறை அடித்து முப்பத்துமூன்று என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அன்றைக்குச் சாயாக்கடைக்குப் போகாமல் கிணற்றடியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த ராஜையா இது முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் கனல் இருந்தது. உருளியில் எண்ணெய் சூடாறவில்லை. தோல் உரித்த காய்கள் மஞ்சள்நீரில் கிடந்தன. முற்றத்தில் மூன்று மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். மதிலுக்கு மேலே நாங்கள் யாரும் தெரியாதபடி குனிந்துகொண்டோம். பிறகு அவர் போய் மனைவியின் பலகையில் உட்கார்ந்தார்.

முதல் காய் சீவியதில் பாதி அஞ்சல் தலை போலவும் பாதி தோசை போலவும் வந்தது. இரண்டாவது காயில் பெருவிரல் அறுந்தது. உப்புநீரை எண்ணெயில் தெளித்தபோது எழுந்த சத்தத்தில் உருளியை விட்டு எழுந்து ஓடி, ஓடியதற்கு வெட்கப்பட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு ஈடு கருகியது. அதைக் கோழிகளுக்குப் போட்டார், கோழிகளும் யோசித்தன. நான்காவது ஈட்டில், பொரிகிற சத்தம் அடங்கும் நேரத்தில் அரிகரண்டியால் கோரி எடுக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மணி சுமாருக்கு, உச்சிவெயிலில், அவர் காலடியில் மணல் ஈரமானது போல லேசாகக் கறுத்தது. முதலில் ஒரு சாண். பிறகு மீசை வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது நாங்கள்தான். ராபின்சனின் மனைவி மெல்ல எழுந்து நின்று சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார். ஏனென்று கேட்டால் அவருக்கும் தெரியாது. ஜெப வீட்டில் செய்வதைச் செய்தார்.

சுகிர்தபாய் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, பலகையில் இருந்த ஆளையும் அவர் முன்னால் கிடந்த நிழலையும் பார்த்தாள். ஒரு சிப்ஸை எடுத்து வாயில் போட்டாள்.

"உப்பு கூடுதலாட்டு உண்டு" என்றாள். பிறகு சேலையை மாற்றப் போனாள்.

அடுத்த ஒரு வாரம், ஞாயிறு தவிர எல்லா நாளும் ராஜையா டின்களை இறக்கிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். இரண்டு பேர் சீவிப் பொரித்ததில் அடுப்பு நேரம் தாராளமாயிற்று, காய் போதாமல் போயிற்று. முதல் தடவையாக ஏத்தன்குலைகளுக்கு நிழல் முளைத்தது. அவ்வளவு நிழல் குலைக்குப் போனதால் சுகிர்தபாயின் நிழல் ரோட்டிலிருந்து படிவாசலுக்கும், படிவாசலிலிருந்து உரலடிக்கும் சுருங்கி, நான்கு சாணில் நின்றது. அவர் நிழல் மூன்று. அந்த வாரம் அவள் மத்தியானம் கொஞ்சம் படுத்து எழுந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

சனிக்கிழமை காஞ்சிரங்குளத்திலிருந்து ஜீப்பிலும் காரிலுமாகப் பதினான்கு பேர் வந்தார்கள். படிவாசலைத் தாண்டியதும் பதினான்கு பேருக்கும் நிழல் போயிற்று. விருந்தாளிகள் எந்த முற்றத்திலும் மிச்சம்தானே. ஜினுவின் தகப்பனார் ஒரு தடவை திரும்பி வெளியே போய்த் தன் நிழலைச் சரிபார்த்துவிட்டு வந்து, மரியாதைக்காக ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் நடுவே ராஜையா கஞ்சிபோட்ட சட்டையில், பெருவிரலில் கட்டோடு, மூன்று சாண் நிழலை இழுத்துக்கொண்டு, சாயா குடித்தீர்களா, சாயா குடித்தீர்களா என்று தேவைக்கு அதிகமாகவே நடந்தார். ரெஜிலா தட்டில் அச்சப்பம் கொண்டுவந்து ஜினுவின் முன்னால் நின்றபோது, அவன் காலடியில் ஒரு விரற்கடை கறுத்தது. எதற்கென்று எந்தக் கோட்டிலும் இல்லை. பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தேதியைப் பேசி முடித்தார்கள்.

பரீட்சை முடிந்து மே மாதத்தில் கல்யாணம். பனையறவிளை முழுவதும் சாப்பிட்டது, நாலைந்து பேர் இரண்டாம் பந்தியிலும் சாப்பிட்டார்கள். ரெஜிலா காஞ்சிரங்குளத்துக்குப் போன மறு திங்கட்கிழமை காலை, ஒளிக்கோடு கிணற்றடியிலிருந்து வந்து நின்ற பிறகு, அவள் வழக்கமாக நோட்டோடு நிற்கிற மூலையில், கருங்கல்லுக்குப் பக்கத்தில், ஆளில்லாமல் ஒரு நிழல் விழுந்தது. பின்னலும் நோட்டும் தெரிந்தன. ஒரு விரற்கடைக்காரியின் நிழல் முற்றத்தைக் கடந்து, மதிலில் ஏறி இறங்கி, ராபின்சனின் மிளகுக் களத்தின் மேல் போய், ரோட்டைத் தாண்டி, காஞ்சிரங்குளம் இருக்கிற திசையில் நீண்டு கிடந்தது. ராஜையா குனிந்து சாண் வைத்து அளந்துகொண்டே போனார். பஸ் நிறுத்தம் வரை எண்ணினார். அங்கே பஸ் வந்தது, ஏறவில்லை, எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்று சொல்லித் திரும்பி வந்தார். திரும்ப எண்ணவில்லை.

சாயாக்கடை பெஞ்சுக்கு அவர் பிறகு போகவில்லை. ராபின்சன் தம்பதி மிளகு காயவில்லை என்று ஒரு வருடம் முறையிட்டுவிட்டு, களத்தைத் தெற்கே மாற்றினார்கள். கிருஷ்ணன்குட்டி ஆலையை விற்றுவிட்டு மகனோடு கொல்லத்துக்குப் போனார். ஜினுவுக்கு 1998-இல் மஸ்கட்டில் வேலை கிடைத்து ரெஜிலாவும் போனாள். அவர்கள் விமானம் ஏறிய நாளில் நிழல் மெதுவாகத் திரும்பிக் கடலைப் பார்த்துப் படுத்தது. திரும்பியதில் பஸ் நிறுத்தம் முழுசாக அதற்குள் வந்துவிட்டது. இப்போது பத்து மணி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதில்தான் நிற்கிறார்கள், நல்ல குளிர்ச்சி. பொரித்த சிப்ஸை ஆற வைக்கவும் சுகிர்தபாய் முற்றத்தில் அது விழுகிற இடத்தைத்தான் பெருக்கி வைத்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த முற்றத்தில் வேறு எதற்கும் நிழல் இருப்பதில்லை. இது மட்டும் அன்றைக்கும் கிடக்கிறது. சபைக்கோயிலுக்குப் போகும்போது ராஜையாவும் சுகிர்தபாயும் அதன் ஓரமாகவே நடந்து போகிறார்கள்.